இரட்டைப் பாலாடை

மார்ச் 3, திங்கள்

ஷுன்டே வந்து சேர்ந்தோம். தென் சீனாவில், குவாங்சோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உலகத்துக்கு வேண்டிய மின்விசிறி, மிக்ஸி, அரிசிக் குக்கர் எல்லாம் இந்த ஊரில் செய்கிறார்கள். எங்கள் கோயம்புத்தூர் கம்பெனி மிக்ஸிக்குள் சுற்றுகிற மோட்டாரும் இங்கிருந்துதான் வருகிறது. டப்பாவின் மேல் ‘நம் பாரம்பரியம்’ என்று அச்சடிப்பது மட்டும் கோயம்புத்தூரில்.

ஒரு மாத வேலை. ஆர்டர் போட்ட மோட்டார்களைச் சோதித்து அனுப்ப வேண்டும். நானும் மேனேஜர் சபாபதி சாரும் வந்திருக்கிறோம். மாதம் முடிந்ததும் இங்கேயே இரண்டு வருடம் தங்கி வேலையைக் கவனிக்க ஒருவரை நியமிக்கப் போகிறார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். சார் எழுதப்போகும் சிபாரிசுதான் அதை முடிவு செய்யும். ஏன் வேண்டும் என்று இங்கே விளக்கமாக எழுதப் போவதில்லை. மூன்று வருடமாகத் தயிர்சாதம் சாப்பிட்டு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

கம்பெனி ஃப்ளாட்டில் ஆளுக்கொரு அறை. நடுவில் சமையலறை. ஃப்ரிட்ஜ் கதவில் தமிழில் ஒரு அறிவிப்பு: ‘அசைவத்திற்கு அனுமதி இல்லை.’ முதலாளி குடும்பம் வந்தால் இங்கேதான் தங்குமாம். சுத்தம் செய்ய வரும் சீன அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவருடைய கோழி சூப் டப்பா ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. சார் அதைப் பார்த்துக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டார், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

சாருக்கு வயது ஐம்பத்து நான்கு. பொள்ளாச்சி. பெட்டியில் பாதி பருப்புப் பொடி. இரண்டு எவர்சில்வர் தட்டுகள் கொண்டுவந்திருக்கிறார், இரண்டிலும் அவர் மனைவியின் பெயர் வெட்டியிருக்கிறது: ச. சரசு. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

மார்ச் 5, புதன்

மோட்டாரை வெறுமனே ஓட்டினால் எதுவும் தெரியாது. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் போட்டு அரை மணி நேரம் அரைக்க வேண்டும். சூடு எவ்வளவு ஏறுகிறது, சத்தம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று நான்காக ஓட்டி, ஒரு நாளில் முப்பது மோட்டார். ஆக, தினமும் மூன்று வாளி மாவு. தொழிற்சாலைப் பெண்கள் இதை இந்தியர்களின் ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நின்று பார்க்கிறார்கள்.

சார் ஒரு பாத்திரம் மாவை ஃப்ளாட்டுக்கு எடுத்து வருகிறார். இன்று இட்லி. நாளையும் இட்லி. மாத முடிவுவரை என்ன சமையல் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அப்பா கூப்பிட்டார். எடுக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 8, சனி

தொழிற்சாலையின் தரப் பிரிவில் நான் செய்கிற அதே வேலையைச் செய்பவள் லின். என் வயது. சொந்த ஊர் ஷான்தோ, ரயிலில் மூன்று மணி நேரம். என்னுடன் ஆங்கிலத்தில் பேசுவாள். அவளுடைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் கிடையாது, அதனால் பழைய காதலனைப் பற்றிச் சொல்லும்போது அவன் இன்னும் அவளுடன் இருப்பதுபோலவே இருக்கும். முதல் நாளே, நீ என்ன சாப்பிடுவாய் என்று கேட்டாள். சார் பக்கத்தில் இல்லை. எல்லாம் என்றேன்.

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் சும்மா கேட்டதில்லை. மூன்று வருடம் முன்பு நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். சம்பளம், அனுபவம் எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும் நேரத்தில், வெறும் பேச்சுப்போல, “நீங்க சைவமா, அசைவமா?” அதற்குப் பின்னால் இருந்த கேள்வி எனக்குத் தெரியும். சங்கமித்திரை என்ற என் பெயரை வைத்து அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. சைவம் என்றேன். யோசிக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை அவர்களே டிக் செய்துகொண்டார்கள்.

இன்று சாரிடம், ஊரில் பழைய தோட்டம் ஒன்று இருக்கிறது, பார்க்கப் போகிறேன் என்றேன். அவருக்குச் சனிக்கிழமை பகலில் விரதம். போய் வரச் சொன்னார்.

லின் என்னை ஆற்றங்கரைக் கடைக்குக் கூட்டிப்போனாள். பச்சை மீன். ஏரி மீனைக் கண்ணாடிபோல் மெல்லியதாகச் சீவி ஐஸ்மேல் பரப்பித் தருகிறார்கள். சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் இஞ்சி, பூண்டு, வறுத்த நிலக்கடலை, எலுமிச்சை இலை, வெங்காயம். அதையெல்லாம் மீனோடு சேர்த்து, எண்ணெயும் உப்பும் விட்டு, குச்சியால் உயரத் தூக்கிப் பிசிற வேண்டும். மீனுக்கு வாசனையே இல்லை. முதலில் கடலை நொறுங்குகிறது, பிறகு இலை வாசம், கடைசியில் குளிர்ச்சியாக மீன். நான் முக்கால் தட்டு சாப்பிட்டேன். இன்னும் ஒன்று சொல்லலாமா என்று லின் கேட்டாள். அவள் அதைக் கிண்டலாகக் கேட்டாள் என்பது நான் சரி என்று சொன்ன பிறகுதான் புரிந்தது.

திரும்பி வந்ததும் சார் கேட்டார், தோட்டம் எப்படிங்க இருந்துச்சு என்று. நல்ல பராமரிப்பு சார் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

சார் கண்டுபிடித்துவிட்டார். சீனாவில் தமக்காகவே ஒரு பண்டம் செய்யப்படுகிறது என்கிறார்.

தெருமுனைக் கடை. எருமைப் பாலைச் சுடவைத்து ஆறவிடுகிறார்கள், மேலே ஆடை படிகிறது. அடியிலிருந்து பாலை மட்டும் வடித்து, சர்க்கரை கலந்து, ஆடைக்கு அடியிலேயே திரும்ப ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். மேலே இன்னொரு ஆடை. இரட்டைப் பாலாடை. கரண்டியால் தொட்டால் நடுங்குகிறது. சார் ஒரு கிண்ணம் முடித்து, கண்ணை மூடி, இன்னொன்றுக்கு விரலைக் காட்டினார். பாலில் ஒரு தப்பும் கிடையாதுங்க அம்மணி, இந்த ஊர்லயே சுத்தமான பண்டம் இதுதானுங்க என்றார்.

வடித்த பாலில் சர்க்கரையோடு முட்டை வெள்ளையும் அடித்துக் கலப்பார்கள், இல்லாவிட்டால் பால் உறையாது என்று, கூட வந்திருந்த லின் திரும்பும் வழியில் என் காதில் சொன்னாள்.

நான் சாரிடம் சொல்லவில்லை. முதலாளியிடம் என்னைப் பற்றி எழுதப்போகிறவருடைய முட்டை என் கையில் இருக்கிறது. நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. இது கெட்ட குணம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மாலை ஐந்தரை. சார் பால் கடைக்குக் கிளம்பினார். இட்லி.

மார்ச் 12, புதன்

ஐந்தரை. சார் போகவில்லை. தலைவலியாம். இட்லி.

மார்ச் 13, வியாழன்

ஐந்தரை. சார் மறுபடி பால் கடை. தலைவலி போய்விட்டது போலிருக்கிறது. அப்பா கூப்பிட்டார். எடுக்கவில்லை. நாளை பார்க்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

லின் எங்கள் இருவரையும் குவாங்சோவுக்குக் காலைத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனாள். தேநீர் என்பது பெயருக்குத்தான். பெரிய மண்டபம், வட்ட மேசைகள், மூங்கில் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு உருண்டை. எல்லோரும் குடும்பத்தோடு உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டு மதியம்வரை சாப்பிடுகிறார்கள். யாரும் யாரையும் எழுப்பிவிடுவதில்லை.

சாருக்குக் கறி வேண்டாம் என்று லின் மூன்று முறை சொன்னாள். பரிமாறும் பெண் தலையாட்டிவிட்டு முள்ளங்கிப் பணியாரம் கொண்டுவந்தாள். வெள்ளையாக, ஓரம் முறுகி, சார் மனதுக்குப் பிடித்த மாதிரி. உள்ளே பொடியாக இறால். லின் அவளைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, இவ்வளவு சின்னதாக நறுக்கினால் அது கறியில் சேராது என்று விளக்கினாளாம். சார் பையிலிருந்து பருப்புப் பொடிப் பொட்டலத்தை எடுத்து வெறும் கஞ்சியில் கலந்து சாப்பிட்டார். நம்மூர்க் கஞ்சியேதானுங்க என்றார். அது எந்த எலும்பில் கொதித்தது என்று நான் விசாரிக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம். ஒருவர் உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால், இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்ட வேண்டும். நன்றி என்று பொருள். ஒரு ராஜா மாறுவேடத்தில் போனபோது வேலைக்காரனுக்குத் தேநீர் ஊற்றினாராம். கீழே விழுந்து கும்பிட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் வேலைக்காரன் விரலைக் கும்பிட வைத்தானாம். லின் இதை அழகான கதை என்று சொன்னாள். விரலைக்கூடச் சும்மா விடவில்லை பார் என்றேன். உனக்கு எல்லாவற்றிலும் சண்டைதான் என்றாள்.

சார் உடனே பழகிக்கொண்டார். லின் ஊற்றினால் தட்டினார். பக்கத்து மேசைக் கிழவர் ஊற்றியதற்கும் தட்டினார். மூன்று மணி நேரத்தில் நான் பதினோரு முறை ஊற்றினேன். ஒரு முறைகூடத் தட்டவில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நான் ஊற்றுவது அவருக்குக் குழாயில் தண்ணீர் வருவதுபோல.

மார்ச் 22, சனி

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. வண்டி ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சாரிடம் ஷான்தோவில் பெரிய தோட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு லின் ஊருக்குப் போனேன். காலையிலேயே கிளம்பி, பன்னிரண்டு மணிக்கு அவள் சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிற கடைக்குப் போனோம். மாட்டுக்கறிக் கடை. கொதிக்கிற தெளிந்த சாறு மேசை நடுவே இருக்கும். கறியை நாமே முக்கி எடுத்துச் சாப்பிட வேண்டும்.

வாசலிலேயே, பெரிய கண்ணாடிக்குப் பின்னால், கறி வெட்டுகிறார்கள். நல்ல விளக்கு வெளிச்சம், வெள்ளைச் சட்டை. பின்தொடை, முன்தொடை, நெஞ்சு என்று தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்று விடிகாலையில் அறுத்தது, ஐஸ் படாதது. சதை இன்னும் லேசாகத் துடிப்பது தெரிகிறது. வெளியே வரிசையில் நிற்பவர்கள் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள். வெட்டுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும், குவோ என்று பெயர். ஆட்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, இன்று கழுத்துக்கறி மிச்சம் இருக்கிறதா என்று கெஞ்சுகிறார்கள்.

எங்கள் ஊர் அரக்கோணத்துக்குப் பக்கம். என் அப்பாவுக்கும் கறிக்கடைதான், மாட்டுக்கறி. கம்பெனியில் அப்பா பிசினஸ் செய்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். கடை முன்னால் ஒரு சாக்குப் படுதா தொங்கும். பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கறி கண்ணில் படக்கூடாது. வாங்க வருகிறவர்கள் படுதாவைத் தூக்கி உள்ளே தலையை விட்டுக் கேட்பார்கள், கறுப்புப் பையில் வாங்கி, அதை இன்னொரு பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அப்பா முப்பது வருடமாக அந்தப் படுதாவுக்குப் பின்னால் நின்று வெட்டுகிறார்.

வீட்டில் அவரை நைனா என்று கூப்பிடுவேன். அப்பா என்று மாற்றிக்கொண்டது கோயம்புத்தூரில்.

தட்டுத் தட்டாகக் கறி வந்தது. லின் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எட்டு நொடி, இது பத்து நொடி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தட்டில் சிவப்பு சதையில் வெள்ளைக் கொழுப்பு மெல்லிய வேர்போல ஓடியது. அவள் சொல்வதற்கு முன்பே நான், இது கழுத்தில், திமிலுக்குக் கீழே, முன்பக்கமாக இருப்பது, ஒரு மாட்டில் ஒரு கை அளவுதான் கிடைக்கும் என்றேன். லின் குச்சியைக் கீழே வைத்தாள். குவோவின் கண்ணாடி பக்கம் திரும்பிக் கத்தினாள். அவர் கத்தியோடு வெளியே வந்து, எப்படித் தெரியும் என்று கேட்டார்.

நான் சொன்னேன். “என் அப்பாவும் இதே வேலைதான் செய்கிறார்.”

லின் அதைச் சீனத்தில் சொன்னாள். கடையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தாறு வருடத்தில் இந்த வாக்கியத்தை வெளி ஆளிடம் நான் சொன்னதில்லை. குவோ உடனே, அவரைப் போனில் கூப்பிடு என்றார்.

அங்கே காலை பத்து மணி. வீடியோவில் கூப்பிட்டேன். நைனா கடையில் இருந்தார்.

“இன்னா கண்ணு, ஒடம்புக்கு ஏதுனாவா? ரெண்டு வாரமா போனே எடுக்கல.”

ஒன்றுமில்லை, ஒருவர் உன்னைப் பார்க்கணுமாம் என்று போனைக் குவோவிடம் நீட்டினேன். முதலில் குவோ தம் கத்தியைக் காட்டினார். நைனா தம்முடையதைக் காட்டினார். குவோ ஒரு துண்டைத் தாள்போல மெல்லியதாகச் சீவி, வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பக்கம் தெரிவதைக் காட்டினார்.

“இன்னாம்மா இவன், பீடி இல மாதிரி அறுக்கிறான். மசாலா எதுல புடிக்கும்? கொயம்பு வெச்சா கரைஞ்சிப் பூடும்னு சொல்லு.”

சொன்னேன். குழம்பா, இதையா என்று குவோ நெஞ்சில் கைவைத்தார். நைனா அவருடைய வெட்டுக்கட்டையைப் பார்க்க வேண்டும் என்றார், எந்த மரம் என்று கேட்டார். தம்முடையது புளிய மரம் என்று குனிந்து காட்டினார். பதினைந்து நிமிடம். நடுவில் மொழிபெயர்ப்பதை நானும் லின்னும் விட்டுவிட்டோம். அவர்களுக்கு நாங்கள் தேவைப்படவில்லை.

வைக்கும்போது நைனா கேட்டார், “அவன் கடைக்கு முன்னால ஒண்ணும் தொங்கலியே? தொறந்தா கீது?”

திறந்துதான் இருக்கிறது என்றேன். சரி சரி, நீ சாப்பிடு, ஆறிடப் போகுது என்று வைத்துவிட்டார்.

கழுத்துக்கறி எட்டு நொடி. வேர்க்கடலைத் துவையல் மாதிரி ஒன்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும். நன்றாக இருந்தது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

லின் அந்த வீடியோ அழைப்பைப் பக்கத்திலிருந்து படம் பிடித்திருக்கிறாள். தன் சமூக வலைப் பக்கத்தில் போட்டுவிட்டாள். தொழிற்சாலையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மோட்டார் பிரிவுப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்ததும் கத்தியால் சீவுவதுபோல் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். எடுத்துவிடு என்று லின்னிடம் சொன்னேன். ஏன், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றாள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். நேர்முகத் தேர்வு, படிவம், ஃப்ரிட்ஜ் அறிவிப்பு. பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. கோபப்படும்போதே இது சிரிக்க வேண்டிய விஷயம்தான் என்றும் தோன்றியது. எடுத்துவிட்டாள்.

சாருக்கு அந்தச் செயலி கிடையாது. தப்பித்தேன்.

மார்ச் 27, வியாழன்

தப்பிக்கவில்லை.

ஆர்டர் முடிகிறது என்று தொழிற்சாலை முதலாளி மதிய விருந்து கொடுத்தார். சாருக்குத் தனியாகக் கீரையும் டோஃபுவும். முதலாளி கோப்பையைத் தூக்கி என்னைக் காட்டி ஏதோ சொன்னார். மேசையே கைதட்டியது. லின் அதை மொழிபெயர்க்கவில்லை. விற்பனைப் பிரிவுப் பையன் ஒருவன், உதவி செய்வதாக நினைத்து, அழகான ஆங்கிலத்தில் சாரிடம் சொன்னான்: உங்கள் சங்கமித்திரைக்கு ஷான்தோக்காரர்களைவிட மாட்டுக்கறி நன்றாகத் தெரியும், இவருடைய அப்பா பெரிய கறிக்கலைஞர்.

சார் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கியது. வண்டியில் திரும்பும்போது மோட்டார் பெட்டிகளைப் பற்றிப் பேசினார். எவ்வளவு அட்டை, எவ்வளவு தெர்மோகோல்.

மார்ச் 28, வெள்ளி

சமையலறை அடுக்கில் இரண்டு தட்டும் எப்போதும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். இன்று காலை ஒன்று மேல் அடுக்கில். மற்றது கீழே, தனியாக, கவிழ்த்து.

கடையில் காகிதத் தட்டு வாங்கிவந்தேன். இட்லியை அதில் வைத்துச் சாப்பிட்டேன். சார் பார்த்தார்.

மார்ச் 29, சனி

காலையிலும் காகிதத் தட்டு. நாளை சார் சிபாரிசு எழுத வேண்டும். முட்டையைப் பயன்படுத்த இதுதான் நாள் என்று முடிவு செய்தேன். ஐந்தரைக்கு அவர் கிளம்பியதும் பத்து நிமிடம் விட்டுப் பின்னால் போனேன்.

கண்ணாடிக்குப் பக்கத்து மேசையில் இருந்தார். ஒரு கிண்ணம் பாதி காலி. எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பீடிகை எதுவும் வாயில் வரவில்லை.

“சார், நீங்க சாப்பிடறதுல முட்டை இருக்கு.”

“தெரியுங்க அம்மணி.”

“எப்ப இருந்து?”

“மூணாம் நாளு. இந்தக் கண்ணாடிப் பக்கந்தானே உக்காந்திருக்கேன். அந்தம்மா ஒடச்சு ஊத்தறதப் பாத்தேன். ஒரு நாளு தலைவலின்னு சொல்லிட்டு வரலைங்க. மறுநா கால் தானா வந்துருச்சு.”

கையிலிருந்த ஒரே குண்டு நமுத்துவிட்டது. சார் கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார். என் தோட்டங்களைப் பற்றியும் முதல் வாரமே தெரியுமாம். எந்தத் தோட்டத்துல போனா கையில பூண்டு வாசம் வருமுங்க என்றார். படிவத்தில் நான் சைவம் என்றுதான் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும், முதலாளிக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

“நானுஞ் சைவம், நீங்களுஞ் சைவம். எழுதிப் போட்டுட்டுப் பொழப்பப் பாப்போம். உங்க ரகசியம் எங்கிட்ட, என்னுது உங்ககிட்ட. சரியாப் போச்சுங்க.”

“எப்படி சார் சரியாப் போகும்? உங்க முட்டை தெரிஞ்சா ஆபீஸ்ல சிரிப்பாங்க. என் மாடு தெரிஞ்சா தட்டை மாத்துவாங்க. நீங்களே மாத்திட்டீங்க.”

அவர் முகம் சிவந்தது. கடைக்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“வேணும்னு செய்யலைங்க,” என்றார். “கழுவி வெக்கறப்ப கை தானா தனியா வெச்சிருச்சு. வெச்சதுக்கப்பறம் எடுத்து மாத்தவும் வெக்கமாப் போச்சு.”

“கால் தானா பால் கடைக்கு வருது. கை தானா தட்டைப் பிரிக்குது. நீங்களா செய்யறது எதுதான் சார்?”

இது என் மேனேஜரிடம் நான் பேசிய பேச்சு. எழுதும்போது காது சூடாகிறது. அவர் மிச்சத்தைச் சாப்பிடவில்லை. உடையாமல் மிச்சமிருந்த மேல் ஆடை கிண்ணத்தில் அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

நியமனப் படிவம் கணினியில் இருக்கிறது. முதல் பகுதி விண்ணப்பதாரர், இரண்டாவது மேனேஜர். என் பகுதியைப் பழைய தகவல்களால் அதுவே நிரப்பிவைத்திருந்தது. உணவு: சைவம்.

ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேலை எனக்கு வேண்டும். ஏன் என்று முதல் நாள் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். பின்னால் வேறொரு கேள்வியை வைத்துக்கொள்ளாமல் என்ன சாப்பிடுவாய் என்று என்னைக் கேட்ட முதல் ஊர் இதுதான். அந்த ஊரில் இருப்பதற்கு மறுபடி சைவம் என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு வருடம் இங்கேயும் தோட்டம்தான் பார்க்க வேண்டும்.

மாற்றினேன். அசைவம். கீழே ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. மாட்டிறைச்சிக் கடை என்று அடித்தேன். அனுப்பிவிட்டேன். வீரம் எல்லாம் அனுப்பும் பொத்தான் வரைதான்.

சார் தம் அறையில் மதியம்வரை தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒற்றை விரலில் அடிப்பார். சத்தம் கேட்டது.

ஏப்ரல் 1, செவ்வாய்

பதில் இல்லை. இட்லி.

நைனாவை நானே கூப்பிட்டேன். பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றேன். சும்மாதாம்மா, அந்தாளு கட்டைய நேர்ல பாக்கணும் என்றார். அந்தப் படுதாவை என்ன செய்தாய் என்று கேட்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். அவரே சொன்னார், துவைக்கப் போட்டிருக்கிறாராம். முப்பது வருடத்தில் முதல் முறை.

ஏப்ரல் 3, வியாழன்

பதில் வந்தது. வேலை எனக்கு. என் நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று எழுத ஆசைதான். உண்மையில், சீனாவில் இரண்டு வருடம் என்றதும் கம்பெனியில் வேறு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி வரியில், கம்பெனி ஃப்ளாட்டில் தங்க எனக்கு அனுமதி இல்லை, வெளியே அறை பார்த்துக்கொள்ளவும் என்றிருந்தது. காரணம் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். லின் தன் குடியிருப்பிலேயே எனக்கு ஓர் அறை பார்த்துவிட்டாள். கீழே மீன் சந்தை.

சார் எழுதிய சிபாரிசின் நகலும் அதே மின்னஞ்சலில் இருந்தது. நான்கு வரி. மோட்டாரின் சத்தத்தை வைத்தே தேய்மானத்தைச் சொல்லிவிடுகிறார் என்று முதல் வரி. மூன்றாவது வரியில் இப்படி எழுதியிருந்தார்: ‘உணவு பற்றிய பழைய தகவலை விண்ணப்பதாரர் தாமாகவே திருத்தியுள்ளார். அவருடைய வேலையில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.’ சாருடைய சொந்தப் பயணப் படிவத்தில் சைவம் அப்படியே இருக்கிறது. அதுவும் கூடவே இணைந்து வந்திருந்தது. சரசு அம்மாவுக்குப் பயப்படுகிறார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று மாலை சாருக்கு விமானம். கிளம்பும் முன் காலைத் தேநீர் குடிக்கப் போகலாமா என்று அவரே கேட்டார். தெருவிலேயே ஒரு சின்னக் கடை. லின்னும் வந்தாள்.

கிளம்பும்போது ஃப்ளாட்டில் சாரின் பெட்டி திறந்து கிடந்தது; பருப்புப் பொடி தீர்ந்த இடத்தில் சீன டீப் பொட்டலங்களை அடுக்கியிருந்தார். எவர்சில்வர் தட்டு ஒன்று மட்டும் மேலே இருந்தது. மற்றது எங்கே என்று கடையில் உட்கார்ந்ததும் கேட்டேன். உங்க ரூமுக்கு வேணுமில்லீங்க, உங்க பையில வெச்சிருக்கேன் என்றார். எந்தத் தட்டு, அவருடையதா என்னுடையதா என்று கேட்டேன். இரண்டிலும் சரசு என்றுதான் இருக்கிறது, தமக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றார். அன்றைக்கு மட்டும் தெரிந்ததா என்று கேட்க வாய்வரை வந்தது. லின் என் காலை மிதித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, என் முகம் தெரியும்.

முட்டை போட்ட பணியாரம் ஒன்று வந்தது. சார் அதை நெடுநேரம் பார்த்தார். பால் கடை முட்டை வேற, இது வேறங்க என்று தள்ளிவைத்தார். நான் சாப்பிட்டேன்.

தேநீர்க் கெண்டி என் பக்கம் இருந்தது. வழக்கம்போல எழுந்து அவர் கோப்பையில் ஊற்றினேன். சார் லின்னிடம் விமான நேரத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தினார். கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வலது கையை எடுத்து மேசைமேல் வைத்து, இரண்டு விரலை மடக்கி, தட்டினார். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை.

கை தானாகத் தட்டியதா சார் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.